வயர் இழுத்த பிறகும் வட்டம் சுற்றுகிறதே! கடலூர் தம்பியின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். வந்த கேள்விகளில் ஒன்று நான்கு நாளாக என்னைத் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது. திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். முதலில் அதைப் படித்துவிடுகிறேன்.

"சார், தங்கச்சி கல்யாணத்தை 4கே-யில் எடுத்தோம். எடிட் செய்ததோடு கேமராவில் பதிவான ஒரிஜினலையும் கேட்டு வாங்கிக் கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருக்கிறேன். அதை ஹாலில் இருக்கும் டிவியில் பார்க்கிறோம். வைஃபையில் எப்போதாவது நின்றது. நீங்கள் சொன்னபடி டிவிக்கு வயர் இழுத்தேன். இப்போது மற்ற இடமெல்லாம் ஓடுகிறது, சரியாகத் தாலி கட்டுகிற இடத்தில் வட்டம் சுற்றுகிறது. ஒவ்வொரு தடவையும் அதே இடம். பிட்ரேட் 88,000 சொச்சம் காட்டுகிறது. நெட் 300 எம்பிபிஎஸ். 500 திட்டத்துக்கு மாறட்டுமா?"

இதில் 'நீங்கள் சொன்னபடி' என்று இருக்கிறதே, அதுதான் குத்தியது. தொடர்ந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியும், எதைக் கேட்டாலும் நான் 'வயர் இழுங்கள்' என்பேன். இந்தத் தம்பி என் பேச்சைக் கேட்டுச் சுவரில் துளை போட்டு வயர் இழுத்து, இருந்ததைவிட மோசமாக்கிக்கொண்டிருக்கிறார். பாவம் ஒரு பக்கம், பழி ஒரு பக்கம்.

500 திட்டம் வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காசு மிச்சம். உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து டிவிக்குப் போகிற படம் வீட்டு வாசலைத் தாண்டுவதே இல்லை. வெளியிலிருந்து வரும் நெட் வயரைப் பிடுங்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள், அப்போதும் ஓடும், அப்போதும் தாலி கட்டுகிற இடத்தில் நிற்கும். வெளியிலிருந்து வருகிற படத்துக்கே 300 அதிகம். 4கே-க்கு நெட்ஃப்ளிக்ஸ் கேட்பது 15 எம்பிபிஎஸ், யூடியூப் கேட்பது 20.

சரி, அப்புறம் ஏன் நிற்கிறது? கடலூர் பஸ் கதையை மறுபடியும் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கடலூரில் பஸ் ஏறினால் புதுச்சேரி இருபது கிலோமீட்டர் சொச்சம். தவளக்குப்பம் வரைக்கும் ஜன்னல் காற்றில் தூக்கமே வந்துவிடும். அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம், முதலியார்பேட்டை என்று வந்ததும் பஸ் ஊர ஆரம்பிக்கும். நீங்கள் எத்தனை மணிக்குப் போய்ச் சேருவீர்கள் என்பதைத் தீர்மானிப்பது அந்தக் கடைசி நெரிசல்தான். கடலூர் பக்கம் சாலையை எட்டு வழியாக்கினாலும் அரியாங்குப்பத்துக்குச் சீக்கிரம் வந்து கூடுதல் நேரம் நிற்பீர்கள், அவ்வளவுதான். 500 திட்டம் என்பது அந்த எட்டு வழிச்சாலை.

தம்பி வீட்டில் அரியாங்குப்பம் எது? டிவியின் முதுகு. நான் பார்த்த டிவிகளில் பெரும்பாலானவற்றில் வயர் செருகுகிற போர்ட் 100 எம்பிபிஎஸ்தான். விலை உயர்ந்த டிவியிலும் இதே கதைதான். ஓடிடி படம் எதுவும் 100-ஐத் தொடப் போவதில்லை, இது போதும் என்று கம்பெனிக்காரர்கள் கணக்குப் போட்டுவிட்டார்கள். அந்த 100-லும் உறை, முகவரி என்று தரவோடு கூடப் போகிற சுமைகள் இருக்கின்றன. அதெல்லாம் போக உங்கள் கைக்கு வருவது 94, மிஞ்சினால் 95.

'என் வீடியோ 88தானே, 94-க்குள் அடங்குமே' என்று கேட்பீர்கள். இந்த இடத்தில்தான் எனக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துப்போனது. பிட்ரேட் என்பது ஒரு நொடி வீடியோவுக்கு எவ்வளவு தரவு ஆகிறது என்ற கணக்கு. கம்ப்யூட்டர் காட்டுகிற 88,000 கேபிபிஎஸ்தான் 88 எம்பிபிஎஸ். ஆனால் அது சராசரி. மணப்பெண் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது, பின்னால் வெறும் திரைச்சீலை என்றால், கேமரா கொஞ்சம்தான் எழுத வேண்டியிருக்கும். முந்தைய நொடிக்கும் இந்த நொடிக்கும் என்ன வித்தியாசமோ அதைத்தானே அது பெரும்பாலும் பதிவு செய்கிறது. இப்போது கெட்டிமேளம் என்று குரல் வருகிறது. முந்நூறு பேர் ஒரே நேரத்தில் அட்சதை போடுகிறார்கள். ஒவ்வொரு அரிசியும் தனித்தனியாகப் பறக்கிறது. பூ பறக்கிறது, ஃபிளாஷ் மின்னுகிறது, கும்பல் எழுந்து நிற்கிறது. கேமராவுக்கு எதையும் விட்டுவிட முடியாது, எல்லாவற்றையும் எழுதுகிறது. அந்த அரை நிமிடத்தில் பிட்ரேட் 94-ஐத் தாண்டி ஏறிவிடும். டிவி முன்கூட்டி வாங்கிச் சேர்த்து வைத்திருப்பது கொஞ்சம்தான், அது தீர்ந்ததும் வட்டம். உழக்கில் படி அரிசியை அளக்கப் பார்த்தால் சிந்தத்தான் செய்யும். இங்கே சிந்துவது அட்சதை.

அப்போது வைஃபையில் அந்த இடம் எப்படி ஓடியது? அதே டிவியின் வைஃபை 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பிடித்தால், ரௌட்டர் அதே ஹாலில் இருக்கும்போது, 200, 300 கூட வரும். ஆனால் நிலையாக வராது. யாராவது நடுவில் நின்றால் குறையும், பக்கத்து வீட்டு ரௌட்டர் அதே சேனலில், அதாவது அந்த அலைவரிசையின் அதே பகுதியில், பேசினால் குறையும். அதனால்தான் உங்களுக்கு 'எப்போதாவது' நின்றது. வயரில் நிலையாக வருகிறது, ஆனால் 94-ஐத் தாண்டாது. 'டிவிக்கு வைஃபை நல்லது' என்று என் வாயாலேயே சொல்ல வேண்டியிருக்கிறது பாருங்கள்.

ஆனால் கம்ப்யூட்டருக்கு வயர் வேண்டும், அதில் மாற்றம் இல்லை. கம்ப்யூட்டரும் வைஃபை, டிவியும் வைஃபை என்றால் ஒரே படம் காற்றில் இரண்டு தடவை போகிறது. கம்ப்யூட்டரிலிருந்து ரௌட்டருக்கு ஒரு தடவை, ரௌட்டரிலிருந்து டிவிக்கு இன்னொரு தடவை. இரண்டும் ஒரே சேனல், ஆகவே வேகம் பாதிக்குப் பாதி. நான் எப்போதும் சொல்ல வந்தது அதுதான், ஆனால் 'எந்தப் பக்கம்' என்று சொல்லாமல் விட்டது என் தப்பு.

இது எங்கள் வீட்டு அனுபவமும்கூட. புதுச்சேரியில் பழைய வீடு, சுண்ணாம்புக் காரை, ஒன்றரை அடிச் சுவர். ரௌட்டர் விளக்கு ராத்திரியில் கண்ணைக் குத்துகிறது என்று அம்மா அதைத் தூக்கி இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். மேலே ஒரு துண்டு வேறு. ஒரு வாரம் நான் சேனலை மாற்றுகிறேன், சாஃப்ட்வேரை அப்டேட் செய்கிறேன், நெட் கொடுத்தவர்களைத் திட்டுகிறேன். கடைசியில் ரௌட்டரைத் தேடிப் போனால் அது துண்டு போர்த்திக்கொண்டு தூங்குகிறது. துண்டால் ஒன்றும் ஆகாது, பீரோதான் எதிரி. இரும்பை வைஃபை தாண்டாது. தண்ணீர்த் தொட்டியும் அப்படித்தான்.

உண்மையில் தம்பி என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. 'திட்டத்தை மாற்றட்டுமா' என்று கேட்காமல் 'எங்கே நெரிசல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது' என்று கேட்டிருந்தால் நான் துள்ளிக் குதித்திருப்பேன். கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கோப்பைப் பென்டிரைவில் போட்டு டிவியில் நேராகச் செருகுங்கள். இப்போது நடுவில் சாலையே இல்லை. நன்றாக ஓடினால் டிவி குற்றவாளி இல்லை, வழிதான். பென்டிரைவிலும் படம் குதித்துக் குதித்து ஓடினால், அல்லது சத்தம் மட்டும் வந்தால், அந்த வகைக் கோப்பை விரிக்க டிவிக்குத் தெம்பு இல்லை என்று அர்த்தம். கல்யாண வீடியோக்காரர்கள் பயன்படுத்துகிற, நிறத்தைக் கூடுதல் நுணுக்கமாகப் பதிவு செய்யும் 10 பிட் 4:2:2 வகையில் இது சகஜம். வட்டம் சுற்றுவது வேறு வியாதி, குதிப்பது வேறு வியாதி. எவ்வளவு வயர் இழுத்தாலும் இரண்டாவது தீராது.

அடுத்து, டிவிக்குப் போகிற வயரைக் கழற்றி ஒரு லேப்டாப்பில் செருகி, அதே கோப்பைக் கம்ப்யூட்டரிலிருந்து காப்பி செய்யுங்கள். நொடிக்கு 100 எம்பிக்கு மேல் ஓடினால் வயர் கிகாபிட் (அதாவது 1000 எம்பிபிஎஸ்), நல்ல வயர், டிவி போர்ட்தான் அரியாங்குப்பம். 11-லேயே நின்றால் நெரிசல் இன்னும் முன்னாடியே இருக்கிறது. எம்பிபிஎஸ்ஸை எட்டால் வகுத்தால் எம்பி, ஞாபகம் இருக்கிறதல்லவா? நெட் இணைப்போடு கொடுக்கும் ரௌட்டர்கள் சிலவற்றில் நான்கு ஓட்டையில் ஒன்று மட்டும்தான் கிகாபிட், மற்றவை 100. ஓட்டையை மாற்றிச் செருகிப் பாருங்கள்.

வயரும் ஏமாற்றும். உள்ளே நான்கு ஜோடிக் கம்பி. கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும், 100-க்கு இரண்டு போதும். அந்த இரண்டு நன்றாக இருந்து மற்றதில் ஒரு ஜோடி போனால் பெரும்பாலும் இணைப்பு அறுந்துபோகாது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். தேவனாம்பட்டினத்தில் ஒரு நண்பர் வீட்டில் இப்படித்தான் ஆகியிருந்தது. கடற்கரை வீடு, மாடிச் சுவரில் பிளக் திறந்து கிடந்தது. உப்புக் காற்றில் பின்னில் பச்சை பூத்திருந்தது. வெட்டி, புதுத் தலை போட்டோம், பத்து ரூபாய்ச் செலவு. அவரும் அதற்கு முன் திட்டத்தை மாற்றியவர்தான்.

தம்பிக்கு இப்போது செய்ய வேண்டியது: வயர் கம்ப்யூட்டர் பக்கம், டிவி 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. அல்லது கிகாபிட் போர்ட் உள்ள ஸ்ட்ரீமிங் பெட்டி ஒன்று வாங்கி, இழுத்த வயரை அதில் செருகுங்கள், சுவரில் போட்ட துளை வீணாகாது. இல்லையென்றால் ஹேண்ட்பிரேக் என்கிற இலவச மென்பொருளில், ஹெச்இவிசி என்கிற சுருக்கும் முறையில், 40 எம்பிபிஎஸ் அளவில் ஒரு நகல் எடுத்து டிவிக்கு அதை வையுங்கள். ஒரிஜினலை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் வருகிறார்கள், அவசரம் என்றால் பென்டிரைவ் போதும். 88 எம்பிபிஎஸ்ஸில் ஒரு மணி நேரம் கிட்டத்தட்ட 40 ஜிபி வரும், அதனால் 64 ஜிபி டிரைவாக வாங்குங்கள். டிரைவ் ஃபேட்32 என்கிற ஃபார்மட்டில் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பு ஏறாது, எக்ஸ்ஃபேட் என்று ஃபார்மட் செய்யுங்கள். தாலி கட்டுகிற இடத்தை முதலில் ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் சொந்தக்காரர்களை உட்கார வையுங்கள்.