தோல் ஏன் பொம்மைத் தோலாக மாறுகிறது? உருவப்பட ரீடச்சிங் குறித்த சந்தேகத்துக்கு விளக்கம்

நேயர் ஒருவர் அனுப்பியிருக்கும் சந்தேகத்தை முதலில் வாசித்துவிடுகிறேன். "போட்டோஷாப்பில் ஃப்ரீக்வென்சி செப்பரேஷன் முறையில்தான் முகத்தைச் சரிசெய்கிறேன். இருந்தும் தோல் பிளாஸ்டிக் பொம்மையின் தோல்போல வழவழவென்று ஆகிவிடுகிறது. காசியன் பிளரின் ரேடியஸை எவ்வளவு வைக்க வேண்டும்? இதே வேலையை ஜிம்ப் மென்பொருளில் செய்ய முடியுமா?"

ஃப்ரீக்வென்சி செப்பரேஷன் என்பது, தோலின் நுண்மையை மேல் லேயரிலும் (லேயர் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப்படும் பட அடுக்கு), நிறத்தையும் ஒளி நிழலையும் கீழ் லேயரிலும் பிரித்து வைத்துத் திருத்தும் முறை. காசியன் பிளர் படத்தை மங்கலாக்கும் வசதி. எவ்வளவு மங்கலாக்குவது என்பதை அதன் ரேடியஸ் தீர்மானிக்கிறது. ரேடியஸுக்கு ஓர் எண்ணைச் சொல்லி இந்தக் கேள்வியை முடித்துவிடலாம். ஆனால் அந்த எண் உங்களுடைய அடுத்த படத்துக்கே பொருந்தாமல் போகும். அதைவிட முக்கியமாக, நீங்கள் சொல்லும் பிளாஸ்டிக் தோற்றம் ரேடியஸால் வருவது குறைவு. கீழ் லேயரைக் கையாளும் விதத்தால் வருவதே அதிகம். மயிர்த்துளைகள் அழிவதால்தான் தோல் செயற்கையாகத் தெரிகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். துளைகள் ஒன்றுவிடாமல் இருந்தும் முகம் பொம்மை முகமாகத் தெரியும் படங்கள் ஏராளம். அவற்றில் தொலைந்திருப்பது, கன்னத்திலும் மூக்கோரத்திலும் ஒளி படிப்படியாக நிழலாக இறங்கும் அந்த மாற்றம்.

இந்த முறை என்ன செய்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். மூலப் படத்துக்கு இரண்டு பிரதிகள் எடுத்து, கீழ்ப் பிரதிக்குக் காசியன் பிளர் கொடுக்கிறோம். மேல் பிரதியிலிருந்து, அப்ளை இமேஜ் கட்டளையின் மூலம், அந்த மங்கலான பிரதியைக் கழிக்கிறோம். 8 பிட் படமானால் (பிட் என்பது நிறத்தை எவ்வளவு நுட்பமாகப் பதிவுசெய்கிறது என்பதன் அளவு) பிளெண்டிங் என்ற இடத்தில் சப்ட்ராக்ட், ஸ்கேல் 2, ஆஃப்செட் 128. 16 பிட் படமானால் இன்வெர்ட் பெட்டியில் டிக் செய்து, ஆட், ஸ்கேல் 2, ஆஃப்செட் 0. பிறகு மேல் லேயரின் பிளெண்ட் மோடை, அதாவது அது கீழ் லேயரோடு கலக்கும் விதத்தை, லீனியர் லைட் என்று மாற்றுகிறோம். அதாவது, கழித்துக் கிடைத்த வித்தியாசத்தைப் பாதியாக்கி நடுச் சாம்பலைச் சுற்றி வைத்துக்கொள்கிறோம். லீனியர் லைட் அதை மறுபடி இரட்டிப்பாக்கிக் கீழ் லேயரோடு கூட்டிவிடுகிறது. ஆகவே, பிரித்து முடித்த நிலையில் படம் மூலப் படத்தைப் போலவே இருக்க வேண்டும். இரண்டு லேயர்களையும் ஒரு குரூப்பில் போட்டு, அதன் கண் குறியை அணைத்தும் ஏற்றியும் பாருங்கள். படத்தில் மாற்றம் தெரிந்தால், 8 பிட்டுக்கு உரிய அமைப்பை 16 பிட் படத்துக்குக் கொடுத்துவிட்டோமா என்பதை முதலில் சோதியுங்கள். அதைச் சரிசெய்யாமல் மேலே போகக் கூடாது.

இனி ரேடியஸ். கீழ் லேயரை மங்கலாக்கும்போது படத்தை 100 சதவீத அளவில் வைத்துக் கன்னத்தைப் பாருங்கள். மயிர்த்துளைகள் கண்ணுக்கு மறைகிற இடத்தில் நிறுத்திவிடுங்கள். முகமே சட்டகத்தை நிறைக்கும் 24 மெகாபிக்சல் படத்தில் அது 8 அல்லது 10 பிக்சலாக இருக்கலாம். அதே கேமராவில் எடுத்த முழு உருவப் படத்தில் முகம் சிறிதாக இருப்பதால் 2 அல்லது 3 பிக்சலே போதுமானதாக இருக்கும். முகம் எத்தனை பிக்சல்களைப் பிடித்திருக்கிறதோ அதற்கேற்பத்தான் ரேடியஸ் அமையும். அது தேவைக்குக் குறைந்தால், தோலின் நுண்மையில் ஒரு பகுதி கீழ் லேயரிலேயே தங்கிவிடும். பிறகு அந்த லேயரை மங்கலாக்கும்போது அதுவும் சேர்ந்து அழியும். தேவைக்குக் கூடினால், கண்ணுக்குக் கீழே உள்ள நிழலும் உதட்டோர மடிப்பும் மேல் லேயருக்கு ஏறிவிடும். ஓரிடத்தை நகலெடுத்து வேறிடத்தில் பதிக்கும் குளோன் ஸ்டாம்ப்பை அங்கே ஓட்டும்போது மயிர்த்துளையோடு நிழலும் இடம்பெயரும்.

நேயரின் சிக்கல் இதற்கு அடுத்த கட்டத்தில்தான் இருக்க வேண்டும். கீழ் லேயரில் லாசோ என்ற தேர்வுக் கருவியால் கன்னம் முழுவதையும் வளைத்துப் பிடித்து 40 பிக்சல் மங்கல் கொடுத்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கன்ன எலும்பின் மேல் விழுந்திருக்கும் ஒளியும், அதற்குக் கீழே தாடையை நோக்கி இறங்கும் நிழலும் ஒன்றோடொன்று கலந்து தட்டையான ஒரே நிறமாகிவிடும். மேல் லேயரோ அந்தத் தட்டை நிறத்தின் மீது மயிர்த்துளைகளைப் பத்திரமாக ஒட்டிவைக்கும். கருமையான தோலில் இந்த இழப்பு இன்னும் கூடுதலாகத் தெரியும். நெற்றியிலும் மூக்குத் தண்டிலும் மின்னும் ஒளித் திட்டுகள்தாம் அங்கே முகத்தின் வடிவைப் பெரிதும் எடுத்துக்காட்டுகின்றன. அவற்றை எண்ணெய்ப் பசை என்று கருதித் துடைத்துவிட்டால் முகம் சப்பையாகிவிடும்.

ஆகவே, ஒரே அளவு ஒளி விழுந்த சிறு சிறு பகுதிகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். நிறத் திட்டு உள்ள இடத்தை மட்டும் வளைத்து, ஓரம் மெல்லக் கரையும்படி ஃபெதர் கொடுத்து, திட்டு கரையும் அளவுக்கு மட்டும் மங்கலாக்குங்கள். தேர்வின் எல்லை தாடைக் கோட்டையோ முடியின் ஓரத்தையோ தாண்டக் கூடாது. தாண்டினால் பின்னணியின் நிறம் தோலுக்குள் கசிந்து, தாடையைச் சுற்றி ஒரு மெல்லிய ஒளிவட்டம் தோன்றும்.

உண்மையில் பெரும்பாலான முகங்களுக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை என்பதே என் கருத்து. எதையும் பிரிப்பதற்கு முன்பே, காலியான ஒரு லேயரைச் சேர்த்து, ஹீலிங் பிரஷ்ஷின் சாம்பிள் அமைப்பைக் கரண்ட் அண்ட் பிலோ என்று வைத்து, பருக்களையும் கீறல்களையும் ஒவ்வொன்றாக நீக்குங்கள். பிரஷ் அந்தப் பருவைவிடச் சற்றே பெரிதாக இருந்தால் போதும். மாதிரியையும் அருகில் உள்ள தோலிலிருந்தே எடுங்கள். ஏனெனில் கன்னத்தின் துளையமைப்பு வேறு, நெற்றியின் துளையமைப்பு வேறு. மச்சத்திலும் தழும்பிலும் உரியவரைக் கேட்காமல் கைவைக்காதீர்கள்.

அதன் பிறகும் தோல் மேடுபள்ளமாகத் தெரிந்தால் டாட்ஜ் அண்ட் பர்ன் செய்யலாம், அதாவது கருத்த இடத்தை வெளிச்சமாக்கி வெளுத்த இடத்தைக் கருமையாக்கலாம். ஒளியளவை மாற்றும் கர்வ்ஸ் லேயர் இரண்டு சேர்த்து, ஒன்றில் வளைவை உயர்த்தி, மற்றொன்றில் தாழ்த்தி, இரண்டின் மாஸ்க்கையும் கருப்பாக்கிவிடுங்கள். மாஸ்க் கருப்பாக இருக்கும் இடத்தில் அந்த லேயரின் விளைவு மறைந்திருக்கும், வெள்ளை தடவிய இடத்தில் மட்டும் தெரியும். வெள்ளை நிற பிரஷ்ஷின் ஃப்ளோவை, அதாவது நிறம் இறங்கும் வேகத்தை, 2 அல்லது 3 சதவீதமாக வைத்து, கருத்த திட்டை முதல் லேயரிலும் வெளுத்த திட்டை இரண்டாவது லேயரிலும் தடவித் தடவிச் சமன்படுத்துங்கள். எல்லாவற்றுக்கும் மேலே தற்காலிகமாக ஒரு பிளாக் அண்ட் ஒயிட் லேயரை வைத்து, அதில் சிவப்பின் அளவைக் குறைத்தால், வண்ணத்தில் மறைந்திருந்த சிவந்த திட்டுகளெல்லாம் கருமையாக எழுந்து நிற்கும். அந்த லேயரை அணைக்க மறந்தால் படம் கருப்பு வெள்ளையில் சேமிக்கப்பட்டுவிடும், கவனம். இந்த வேலைக்கு நேரம் பிடிக்கும். ஆனால் இதில் ஒரு பிக்சல்கூட மங்கலாவதில்லை.

ஜிம்ப் குறித்த கேள்விக்கு வருகிறேன். தாராளமாகச் செய்யலாம். 2.10 பதிப்பிலிருந்து ஃபில்டர்ஸ் மெனுவில், என்ஹான்ஸ் என்ற பிரிவுக்குள், வேவ்லெட் டிகம்போஸ் என்ற வசதி இருக்கிறது. அது படத்தை இரண்டாகப் பிரிப்பதோடு நில்லாமல், நுண்மையின் அளவு வாரியாக ஐந்து லேயர்களும் எஞ்சியதற்கு ஒரு லேயருமாகத் தானே பிரித்து அடுக்கிக் கொடுத்துவிடும். ரேடியஸ் எதையும் நீங்கள் தர வேண்டியதில்லை. மிக நுண்ணிய முதல் இரண்டு லேயர்களைத் தொடாமல், திட்டு எந்த லேயரில் தெளிவாகத் தெரிகிறதோ அந்த லேயரில் மட்டும் வேலை செய்யுங்கள். எது எந்த லேயரில் இருக்கிறது என்பதை அறிய, ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பதே எளிய வழி.