மழைத் தண்ணீர் கேட்கும் குடுவைச் செடி

அன்பு நேயர்களுக்கு வணக்கம்.

பென்னாகரம் வட்டத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் ஆசிரியையாக இருக்கிறேன். பூச்சி உண்ணும் தாவரங்கள் பாடம் வரும்போதெல்லாம் கரும்பலகையில் நெப்பந்தஸ் என்ற குடுவைச் செடியின் படம் வரைந்து பாகம் குறித்துவிடுவேன். இலையின் அடிப்பகுதிதான் இலை போல விரிந்திருக்கிறது, நடு நரம்பு நீண்டு பற்றுக்கம்பி ஆகியிருக்கிறது, இலைத்தாள்தான் குடுவை, இலையின் நுனி அதற்கு மூடி. இதையே பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன், செடியை நேரில் பார்க்காமலேயே. ஆறு வருடம் முன்பு பெங்களூரில் ஒரு நர்சரியில் தொங்கும் தொட்டியில் அதைப் பார்த்தேன். ஏழெட்டுக் குடுவைகள், ஒவ்வொன்றும் என் கட்டைவிரலை விடக் கொஞ்சம் பெரியது, பச்சையில் செந்நிறம் ஏறியிருந்தது. அன்றே வாங்கிவந்துவிட்டேன்.

அந்தச் செடி இரண்டரை மாதம்தான் இருந்தது.

ஏன் போனது என்பதை விவரமாகச் சொல்கிறேன். நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இந்தச் செடியை வளர்க்க நினைக்கிறவர்கள் அநேகமாக இந்த இடத்தில்தான் தவறுவார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா செடியைப் பார்த்து, "இளைச்சுக் கிடக்குதே, வயித்துக்கு ஏதாவது போடு" என்றார். செம்மண்ணில் மட்கிய சாண எரு கலந்து பெரிய தொட்டியில் மாற்றி நட்டோம். காலையும் மாலையும் போர்த் தண்ணீர் ஊற்றினோம். கத்தரிக்கும் செம்பருத்திக்கும் பார்க்கிற பக்குவத்தைத்தான் இதற்கும் பார்த்தோம். மூன்றாவது வாரம் இலை ஓரம் கருகத் தொடங்கியது. தொட்டி விளிம்பில் வெள்ளையாக ஒரு பொருக்கு. வெந்நீர் காய்ச்சும் அண்டாவின் அடியில் படியுமே, அதே வெள்ளை. குடுவைகள் ஒவ்வொன்றாக மூடிப் பக்கத்திலிருந்து காய்ந்து இறங்கின. புதிதாக விட்ட இலைகளில் பற்றுக்கம்பியின் நுனி கருத்து நின்றதே தவிர, குடுவை வரவேயில்லை.

இந்தச் செடியின் சொந்த இடத்தை நினைத்தால் காரணம் விளங்கும். இந்தியாவில் காட்டில் தானாக வளரும் நெப்பந்தஸ் ஒரே ஒரு இனம்தான், நெப்பந்தஸ் காசியானா. மேகாலயாவின் காரோ, காசி, ஜெயந்தியா மலைகள் அதன் வீடு. சிரபுஞ்சியும் மௌசின்ராமும் இருக்கிற மாநிலம் அது. அந்த இரண்டு ஊர்களிலும் வருடத்துக்கு 11,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. நமக்கு 900 மில்லிமீட்டர் பெய்தாலே நல்ல வருடம். அப்படிக் கொட்டுகிற மழை மண்ணின் சத்தையெல்லாம் அலசிக் கொண்டுபோய்விடும். மிஞ்சுவது சத்தில்லாத, புளிப்பேறிய மண். தழைச்சத்தும் மணிச்சத்தும் வேரில் கிடைக்காததால்தான் இந்தச் செடி இலையைக் குடுவையாக்கிப் பூச்சியிலிருந்து எடுத்துக்கொள்ளப் பழகியது. வேருக்கு எருவையும் உப்பையும் பார்த்துப் பழக்கமில்லை. நாம் ஆசையாகப் போட்டதே அதைச் சுட்டுவிட்டது.

தண்ணீரைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். எங்கள் வீட்டு ஆர்.ஓ. மெஷினைப் பழுது பார்க்க வந்த தம்பியிடம் டி.டி.எஸ். மீட்டர் இருந்தது. தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் பேனா மாதிரியான கருவி. போர்த் தண்ணீரில் வைத்தார், 1,100 காட்டியது. குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீரில் 240. மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்த சொம்பில் 14. குடுவைச் செடிக்கு 50-க்குள் இருந்தால் நல்லது. நம் மாவட்டத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். அதிலுள்ள ஃபுளோரைடால் பல்லில் பழுப்புக் கறை ஏறிய பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். சிரிக்கும்போது வாயைக் கையால் மறைத்துக்கொள்கிற பெண் பிள்ளைகளைப் பார்த்து மனசு கலங்கியிருக்கிறேன். ஃபுளோரைடு பாதிப்பைக் குறைக்கத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இரண்டு மாவட்டங்களுக்கும் வந்தது. செடியைக் கொன்றது ஃபுளோரைடு மட்டும் என்று சொல்ல மாட்டேன். சுண்ணாம்பு உப்பு, சோடா உப்பு எல்லாம் சேர்ந்துதான். காய்ச்சி ஆறவைத்தாலும் இந்த உப்புகள் முழுவதும் போகாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அதனால் மழைத் தண்ணீர்தான் முதல் வழி. முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்த மழையில் ஓட்டிலிருந்தோ மாடியிலிருந்தோ விழுவதைப் பிடிக்கலாம். 200 லிட்டர் டிரம் இரண்டு வைத்திருக்கிறேன். வாயில் வேட்டித் துணியை இறுக்கிக் கட்டிவிடுவேன், கொசு முட்டையிடக் கூடாதல்லவா. புரட்டாசி, ஐப்பசியில் பிடித்தது நான்கு செடிக்கு மாசி வரை வரும். அதற்கப்புறம் ஆர்.ஓ. தண்ணீர், அளந்து பார்த்துவிட்டு. அவசரத்துக்கு பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரும் ஆகும்.

தொட்டிக்கு மண்ணே வேண்டாம். தென்னை நார்க்கழிவு போதும். தென்னந்தோப்புகள் நிறைந்த நம் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. ஆனால் நார்க்கழிவிலும் உப்பு இருக்கும். வாளியில் ஊறவைத்துப் பிழிந்து, மறுபடி ஊறவைத்துப் பிழிந்து, நான்கைந்து முறை அலச வேண்டும். கடைசி இரண்டு அலசல் மழைத் தண்ணீரில். அதனுடன் சரிபாதி பெர்லைட்டும் (எடை குறைந்த வெள்ளைக் கல்துகள்), கைப்பிடி கரித்துண்டும் சேர்த்தால் வேருக்குக் காற்று போகும். மாற்றி நடும்போது வேர் கருப்பாக, நூல் மாதிரி இருக்கும். அழுகிவிட்டது என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள், அதன் நிறமே அதுதான். கலவை எப்போதும் ஈரமாக இருக்கட்டும், ஆனால் தொட்டி தண்ணீரில் நிற்க வேண்டாம்.

வெயில் விஷயத்தில் ஓசூர்க்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். சுமார் 900 மீட்டர் உயரம், இரவில் குளிர்ச்சி. ரோஜாவுக்குப் போட்ட நிழல்வலைக் குடில் இருந்தால் ஒரு மூலையில் தொங்கவிட்டாலே போதும், தண்ணீர் மட்டும் சரியாக இருக்கட்டும். தருமபுரியில் பங்குனி, சித்திரைதான் சோதனை. வறண்ட காற்று அடித்தால் குடுவை உருவாகாமல் பற்றுக்கம்பி நுனியிலேயே கருகிவிடும். காலை ஒன்பது மணி வரை வெயில் படட்டும், அதற்குப் பிறகு பச்சை நிழல்வலை. அடியில் அகலத் தட்டில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் விட்டு, தண்ணீர் தொடாதபடி தொட்டியைக் கல்மேல் வைக்கிறேன். இரண்டு பக்கமும் நனைத்த கோணிச் சாக்கு தொங்கும். இலை கரும்பச்சையாகப் பெருத்து, குடுவை மட்டும் வரவில்லை என்றால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம்.

சரி, பூச்சி? எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். மூடி பட்டென்று மூடிக்கொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். மூடாது. ஒரு முறை திறந்தால் திறந்ததுதான், உள்ளே மழை கொட்டிவிடாமல் குடை பிடிப்பதே அதன் வேலை. பிடிப்பது விளிம்பு. குடுவையின் வாயைச் சுற்றி வரிவரியாகப் பளபளக்கும் வளையம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் எறும்புகள் அந்த வளையத்தில் சாவகாசமாக நடந்து தேன் குடித்துவிட்டுத் திரும்பிப் போவதைப் பார்த்தேன். ஒன்றுகூட விழவில்லை. மறுநாள் விடியற்காலை பனி ஈரத்தில் அதே விளிம்பைப் பார்த்தேன். ஓர் எறும்பு முன்கால் வைத்தது, பின்கால் வைத்தது, அடுத்த கணம் ஆளைக் காணோம். காய்ந்த விளிம்பில் பூச்சிக்குக் கால் பிடிக்கும், ஈரம் படர்ந்தால் வழுக்கிவிடும், இதை ஆய்வாளர்கள் அளந்தே காட்டியிருக்கிறார்கள். பகலில் பிழைத்துப் போன எறும்பு கூட்டத்தையும் கூட்டி வருகிறது. உள்ளே மெழுகுச் சுவர், அடியில் செரிக்க வைக்கும் நீர். எனக்கு இதைச் சொல்லும்போது இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது.

ஆகவே தீனி போட வேண்டியதில்லை, எறும்பு தானாக வரும். 1874-இல் ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியலாளர் குடுவைக்குள் முட்டை வெள்ளைக்கருவும் இறைச்சித் துண்டும் போட்டுச் செரிக்கிறதா என்று சோதித்தார். அது ஆராய்ச்சி. வீட்டில் கோழித் துண்டு போட்டால் குடுவை அழுகி நாறும். விரலை விடுவது, நீரைக் கொட்டிவிட்டு விளையாடுவது, இதெல்லாம் கூடாது என்று பிள்ளைகளிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள். கொட்டிவிட்டால் கால்வாசி மழைத் தண்ணீர் விடுங்கள். குடுவை சில மாதத்தில் காயும், அது இயல்பு. காய்ந்ததை மட்டும் கத்தரித்து, பச்சை இலையை விட்டுவிடுங்கள். மாவுப்பூச்சி வந்தால் ஈரப் பஞ்சால் துடைத்தெடுங்கள்.

செடி வாங்கும்போது நர்சரியில் வளர்த்த கலப்பினத்தையே கேளுங்கள். வென்ட்ராட்டா என்பார்கள், அது நம் ஊர் வெப்பத்தையும் ஓசூர்க் குளிரையும் தாங்கும். காட்டிலிருந்து பிடுங்கிய காசியானாவை யாராவது நீட்டினால் தொடாதீர்கள். அருகி வரும் இனம், பிடுங்குவதும் விற்பதும் சட்டப்படி குற்றம். காரோ மக்கள் அதை 'மேமாங் கோக்சி' என்கிறார்கள், பேயின் கூடை என்று பொருள். பேயின் கூடையாகவே அது அந்த மலையில் இருக்கட்டும்.

என்னிடம் இப்போது நான்கு செடிகள். எல்லாம் ஒரே தண்டிலிருந்து வந்தவை. மூன்று கணு உள்ள துண்டாக நறுக்கி, ஈர நாரில் நட்டு, பாலித்தீன் பை கவிழ்த்து நிழலில் வைத்தேன். துளிர் விட இரண்டு மாதம் பிடித்தது. ஒன்றை வகுப்பறை ஜன்னலில் தொங்கவிட்டிருக்கிறேன். அதற்குத் தண்ணீர் ஊற்றும் முறையை பிள்ளைகள் தாங்களே எழுதி ஒட்டியிருக்கிறார்கள், 'போர்த் தண்ணி வேண்டாம்' என்று சிவப்பு மையில்.

நேயர்களே, இது ஆடி. பெருமழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஒரு டிரம்மைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். புரட்டாசியில் அது நிறைந்த பிறகு செடி வாங்கப் போகலாம். வணக்கம்.