வந்தவர்களை மட்டும் எண்ணினால்

எல்லோருக்கும் வணக்கம். இணையதளம் செய்யப் படிக்கிறவர்கள், அதையே தொழிலாகச் செய்கிறவர்கள் என்று இரண்டு வகையினரும் இங்கே இருக்கிறீர்கள். நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

யூடியூபில் கிறிஸ் சக்கரியாஸ் என்றொரு பொறியாளர் இருந்தார். வீடியோ பார்க்கத் திறக்கும் பக்கம் அப்போது 1.2 மெகாபைட் இருந்தது. வீடியோவின் அளவு தனி. அது ஓடத் தொடங்குமுன் இறங்க வேண்டிய பக்கமே இவ்வளவு. இதை 100 கிலோபைட்டுக்குள் அடக்கிக் காட்டுகிறேன் என்று அவர் உட்கார்ந்தார். கழிக்க முடிந்ததையெல்லாம் கழித்து 98 கிலோபைட்டில் ஒரு பக்கத்தைச் செய்து முடித்தார். ‘ஃபெதர்’ என்று அதற்குப் பெயர். ஒரு பகுதிப் பயனர்களுக்கு அதைத் திறந்துவிட்டார்கள். கொஞ்ச நாள் கழித்துக் கணக்கைப் பார்த்தால், பக்கம் இறங்கும் சராசரி நேரம் குறையவில்லை. கூடியிருந்தது.

பன்னிரண்டில் ஒரு பங்காக இளைத்த பக்கம் எப்படி மெதுவாகும்? ஊர் ஊராகப் பிரித்துப் பார்த்தபோதுதான் விடை கிடைத்தது. தென்கிழக்கு ஆசியா, தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, சைபீரியா போன்ற இடங்களிலிருந்து புதிதாக ஆட்கள் வந்திருந்தார்கள். பழைய பக்கம் அவர்களுக்கு இறங்க 20 நிமிடம் ஆகும். அதனால் அவர்கள் யூடியூப் பக்கமே வந்ததில்லை. புதிய பக்கம் 2 நிமிடத்தில் இறங்கியது. இரண்டு நிமிடம் நமக்குக் கொடுமை. அவர்களுக்கோ அன்றைக்குத்தான் யூடியூப் என்ற ஒன்று வேலை செய்யத் தொடங்கியது. அவர்களும் கணக்கில் சேர்ந்ததால் சராசரி ஏறிவிட்டது.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். நம் தளத்தால் விலக்கப்பட்டவர்கள் நம் கணக்கில் தெரிய மாட்டார்கள். “எங்கள் பயனர்களில் பார்வையற்றவர்கள் யாரும் இல்லை”, “எங்களிடம் வருகிறவர்கள் எல்லோரிடமும் நல்ல போன் இருக்கிறது” என்று அலுவலகக் கூட்டங்களில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வாசலில் ஐந்து படி வைத்துவிட்டு, சக்கர நாற்காலியில் யாருமே என் கடைக்கு வருவதில்லை, எனக்கு எதற்குச் சாய்தளம் என்று கேட்பதைப் போன்ற பேச்சு இது.

கணக்கெடுக்கும் கருவியே இதற்குத் துணைபோகிறது. யார் வந்தார்கள், எத்தனை பேர் போனார்கள் என்று எண்ணும் கருவிகள் பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்டில், அதாவது பக்கத்தோடு இறங்கி பிரவுசருக்குள் இயங்கும் நிரலில், ஓடுகிறவை. அந்த நிரல் இறங்குவதற்குள் ஒருவர் சலித்துப் போய்விட்டால், அவர் வந்ததே பதிவாகாது. மறுநாள் காலை நீங்கள் பார்க்கும் அழகான வரைபடத்தில் அவர் இல்லை.

காணாமல் போனவர்களை எண்ண முடியுமா? முடியும் என்று பிரிட்டன் அரசின் டிஜிட்டல் பிரிவு காட்டியது. நூற்றுக்கணக்கான அரசு இணையதளங்களை ஒன்றாக்குவதற்காக, 2012 அக்டோபரில் கவ்.யூகே என்ற ஒரே தளத்தைத் திறந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய வடிவமைப்புக் கொள்கைகளில் முதலாவது, தேவையிலிருந்து தொடங்கு என்பது. அரசாங்கத்தின் தேவை அல்ல, பயனரின் தேவை என்று அதற்கு விளக்கமும் கொடுத்திருந்தார்கள்.

2013-இல் அவர்கள் ஒரு சோதனை செய்தார்கள். பக்கத்தில் மூன்று சிறிய படங்களை வைத்தார்கள். ஒன்றை எந்த பிரவுசரும் எடுக்கும். ஒன்றை ஜாவாஸ்கிரிப்ட் ஓடினால்தான் எடுக்கும். மூன்றாவதை, ஜாவாஸ்கிரிப்டை அணைத்து வைத்திருக்கும் பிரவுசர் மட்டும் எடுக்கும். சர்வரில் எந்தப் படம் எத்தனை முறை கேட்கப்பட்டது என்று எண்ணினால் போதும். 1.1 சதவீதம் பேருக்கு, அதாவது 93 பேரில் ஒருவருக்கு, ஜாவாஸ்கிரிப்ட் போய்ச் சேரவில்லை என்று தெரிந்தது. ஆனால் தாங்களாகவே அணைத்து வைத்திருந்தவர்கள் வெறும் 0.2 சதவீதம். மீதி 0.9 சதவீதம் பேரின் பிரவுசரில் அது ஓடியிருக்க வேண்டும், ஆனால் ஓடவில்லை. சிக்னல் நடுவில் அறுந்திருக்கும். அலுவலக நெட்வொர்க் தடுத்திருக்கும். பாதி இறங்கும்போதே வேறு பக்கத்துக்குப் போயிருப்பார்கள். “இந்தக் காலத்தில் யார் சார் ஜாவாஸ்கிரிப்டை அணைக்கிறார்கள்?” என்று கேட்பவர்களுக்கு இந்த 0.9-தான் பதில். இவர்கள் யாரும் அணைக்கவில்லை. அது வந்து சேரவில்லை.

அதே பிரிட்டனில், அரசுப் பணியில் இருந்த டெரன்ஸ் ஈடன் பின்னாளில் ஒன்றை எழுதினார். வீட்டு வாடகை உதவி கேட்டு மக்கள் வரும் ஓர் அலுவலகம். அங்கே ஓர் இளம்பெண் கையில் பிளேஸ்டேஷன் போர்ட்டபிள் வைத்திருந்தார். விளையாட்டுக் கருவிதான். அதற்குள் பழங்காலத்து பிரவுசர் ஒன்று உண்டு. அதில் அவர் கவ்.யூகே தளத்தின் வாடகை உதவிப் பக்கங்களைப் படித்துக்கொண்டிருந்தார். இணையப் பக்கங்களின் அடிப்படை மொழியான எச்டிஎம்எல்லில் எளிமையாக எழுதியிருந்ததால் அந்தப் பக்கங்கள் அதிலும் திறந்தன. அந்தக் கருவிக்காக யாரும் தனியாக எதையும் செய்யவில்லை. பக்கத்தைப் பக்கமாக விட்டுவைத்தார்கள், அவ்வளவுதான்.

2022-இல் அதே தளத்திலிருந்து ஜேகுவெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரல் தொகுப்பை நீக்கினார்கள். 32 கிலோபைட் குறைந்தது. இதற்கா இவ்வளவு பாடு என்று தோன்றும். நல்ல போனும் நல்ல இணைப்பும் உள்ளவருக்கு அது பெரிதாகத் தெரியாது. பழைய போனில், மோசமான இணைப்பில் வருகிறவருக்குத்தான் அதனால் லாபம் அதிகம். வேகம் என்பது சொகுசு விஷயம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. டேட்டா தீர்ந்துவிடுமோ என்று பார்த்துப் பார்த்து பக்கத்தைத் திறக்கிறவருக்கு அது உரிமை.

சரி, நம் மொழிக்கு வருவோம். எல்லா மொழி எழுத்துக்கும் கணினியில் எண் தரும் பொது முறையான யூனிகோடில் தமிழ் எழுத்து கனம் என்று ஒரு குறை சொல்வார்கள். அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் ஆகிறது, உண்மைதான். ஆனால் நான் இப்போது பேசும் இந்த உரை முழுவதையும் எழுத்தாகப் போட்டால் ஏறக்குறைய 30 கிலோபைட்தான் வரும். கனம் எங்கே வருகிறது தெரியுமா? அறிவிப்பைத் தாளில் அச்சடித்து, அதைப் போனில் படம் பிடித்து, அந்தப் படத்தை அப்படியே தளத்தில் ஏற்றுகிறோமே, அங்கே. ஒரு படம் 3, 4 மெகாபைட். அதைத் தேட முடியாது, நகலெடுக்க முடியாது, திரையில் இருப்பதைப் பார்வையற்றவர்களுக்கு வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடரால் படிக்கவும் முடியாது.

பிடிஎஃப் ஆக்கினால் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்துகள். ‘தமிழ்’ என்ற சொல் அதற்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றுதான் இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனின் ஸ்கிரீன் ரீடரான டாக்பேக்கை ஓடவிட்டுக் கேட்கிற பார்வையற்ற ஒருவரின் காதில் என்ன விழும் என்று யோசித்துப் பாருங்கள். யூனிகோடில் எழுதிய தளங்களிலும் ஒரு வலி உண்டு. ஆங்கில டெம்ப்ளேட்டை எடுத்துத் தமிழில் நிரப்புவார்கள். பக்கத்தின் நிரலில், தொடக்கத்திலேயே, மொழி ஆங்கிலம் என்று இருப்பதை மாற்ற மாட்டார்கள். ஸ்கிரீன் ரீடர் அதை நம்பி ஆங்கிலக் குரலை எடுத்தால், அந்தக் குரலுக்குத் தமிழ் தெரியாது. இரண்டே எழுத்தைத் திருத்தினால் தீர்கிற பிரச்சினை இது.

அப்புறம் பெயர். தமிழர்களில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியல் உண்டு, பெயர் உண்டு. படிவமோ ‘லாஸ்ட் நேம்’ கட்டாயம் என்கிறது. சரி என்று ‘கே’ என்ற ஒற்றை எழுத்தைப் போட்டால், குறைந்தது இரண்டு எழுத்தாவது வேண்டும் என்று சிவப்பில் வருகிறது. அப்பா பெயரைப் போட்டால், பிறகு பான் அட்டையோடு பொருந்தவில்லை என்று இன்னொரு இடத்தில் சிக்கல். முதல் பெயர், கடைசிப் பெயர் என்ற அச்சில் எல்லோர் பெயரும் அடங்காது, பெட்டிகளைக் கூட்டக் கூட்டத் தவறும் கூடும் என்று கவ்.யூகே வடிவமைப்புக் கையேடு எச்சரிக்கிறது. முழுப் பெயருக்கு ஒரே பெட்டி வைத்தால் என்ன குறைந்துவிடும்? அங்கே இருப்பவர்களுக்குத் தெரிந்த இந்த விஷயம், வீட்டுக்கு வீடு இனிஷியல் வைத்திருக்கும் நமக்கல்லவா முதலில் தெரிந்திருக்க வேண்டும்!

நம் உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கையும் சொல்ல வேண்டும். வங்கிக் கணக்குக்கோ சிம் கார்டுக்கோ ஆன்லைனில் அடையாளம் சரிபார்க்கும்போது, கேமரா முன்னால் கண் சிமிட்டுங்கள் என்று கேட்கிறார்கள் அல்லவா? உயிருள்ள ஆள்தானா என்று பார்க்கும் சோதனை அது. ஆசிட் வீச்சில் கண்ணிமை சிதைந்தவர்கள் எப்படிச் சிமிட்டுவார்கள்? பார்வையற்றவர் முகத்தை எப்படித் திரையில் காட்டும் கட்டத்துக்குள் பொருத்துவார்? 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பு வந்தது. டிஜிட்டல் வசதிகளை எட்டும் உரிமை, அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று நீதிமன்றம் சொன்னது. இந்தச் சோதனையை மாற்றியமைப்பது உட்பட 20 உத்தரவுகளையும் போட்டது. அந்தத் திரையை வடிவமைத்தவர்கள் கெட்டவர்கள் அல்ல. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த எல்லோராலும் கண் சிமிட்ட முடிந்தது.

இதில் பெரும்பகுதி கடினமான வேலையே அல்ல. வெப்எய்ம் என்ற அமைப்பு ஆண்டுதோறும் 10 லட்சம் முகப்புப் பக்கங்களைக் கருவி வைத்துச் சோதிக்கிறது. 2024-இல் 95.9 சதவீதப் பக்கங்களில் குறை இருந்தது. பின்னணியோடு கரைந்துபோகும் மங்கலான எழுத்து 81 சதவீதத்தில். அடுத்தடுத்து வருபவை விளக்கம் இல்லாத படம், லேபிள் இல்லாத பெட்டி, பெயர் இல்லாத இணைப்பு, பெயர் இல்லாத பட்டன். எல்லாம் அரை நாளில் திருத்தக்கூடியவை. பட்டனை எச்டிஎம்எல்லின் பட்டனாகவே எழுதினால், கீபோர்டுக்கும் ஸ்கிரீன் ரீடருக்கும் பிரவுசரே பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

ஆனால் கருவி காட்டாத குறைகள் உண்டு. அதற்கு மனிதர்கள் வேண்டும். பார்வையற்றவர், கை நடுங்குகிறவர், ஆங்கிலம் வாசிக்கத் தடுமாறுகிறவர் என்று சிலரை அழைத்து, உங்கள் படிவத்தைக் கொடுத்து, குறுக்கே பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள். அவர்கள் நேரத்துக்குக் கட்டாயம் பணம் கொடுங்கள். திட்டத்துக்கு விலை சொல்லும்போதே இந்தச் செலவையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். இது எதற்கு என்று வாடிக்கையாளர் கேட்டால், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தையும் இப்போது சொன்ன தீர்ப்பையும் அவர் முன்னால் எடுத்து வையுங்கள்.