ஓஸ்லோ அலமாரியில் கிடைத்த முகம்
(திரைப்படக் கழகத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, பிரெஞ்சுப் பெயர்களை நான் தவறாக உச்சரித்தால் திருத்துவதற்கென்றே வந்திருக்கும் ஓய்வுபெற்ற பேராசிரியர் அம்மையார் அவர்களே, கூட்டத்திற்கு நாற்காலிகளையும் படம் காட்டத் திரையையும் வாடகையின்றி அளித்த திரையரங்க உரிமையாளர் அவர்களே, கழக நண்பர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். நூலக அலுவலர் தமக்கிருக்கும் அலுவல்களுக்கிடையே வந்திருப்பது நமக்குப் பெருமை. அவரை ஏன் வற்புறுத்தி அழைத்தோம் என்பது உரை முடிவதற்குள் அவருக்கே விளங்கிவிடும்.

ரெனே ழான் ஃபால்கோனெட்டி என்னும் பிரெஞ்சு நடிகையைப் பற்றி மூன்று செய்திகளைச் சொல்ல எண்ணியிருக்கிறேன்: அவருடைய நாடக வாழ்க்கை, அவர் நாயகியாக நடித்த 'தி பேஷன் ஆஃப் ஜோன் ஆஃப் ஆர்க்' என்னும் ஊமைப்படம், அவருடைய கடைசிக் காலம்.

ஃபால்கோனெட்டி 1892-ஆம் ஆண்டு பாரிஸை ஒட்டிய பான்தேன் என்னும் ஊரில் பிறந்தார். பாரிஸ் நாடக மேடைகளில் பெயர் பெற்று, 1924-இல் பிரான்சின் தேசிய நாடக மன்றமான கொமெடி ஃபிரான்சேஸில் சேர்ந்தார். அங்கே நெடுநாள் நீடிக்கவில்லை. அவர் நடித்தது ஒரே ஒரு படம்தான் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது சரியன்று. 1917-இலேயே இரண்டு படங்களில் நடித்திருக்கிறார். அவற்றைப் பற்றி இன்று பேசுவார் இல்லை. மேடையில் அவர் எப்படி நடித்தார் என்பதை அறியவும் நமக்கு வழியில்லை. மேடை நடிப்பு அன்றைய இரவோடு போய்விடுவது. படச்சுருளுக்கு அந்த விதி இல்லை, ஆனால் காப்பாற்ற ஆள் வேண்டும். 'கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்' என்று என் பாட்டி சொல்லுவார். இன்று மாலை அதை நான் இன்னும் சில முறை சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டென்மார்க்கைச் சேர்ந்த இயக்குநர் கார்ல் தியோடர் டிரையர், பிரெஞ்சு நிறுவனம் ஒன்றுக்காக ழான் தார்க்கின் (ஆங்கிலத்தில் ஜோன் ஆஃப் ஆர்க்) கதையைப் படமாக்க வந்தவர். 1431-இல் ரூவான் நகரில் விசாரிக்கப்பட்டு உயிரோடு எரிக்கப்பட்ட அந்தக் குடியானவர் வீட்டுப் பெண்ணை, 1920-இல்தான் கத்தோலிக்கத் திருச்சபை புனிதராக அறிவித்திருந்தது. அந்த வேடத்திற்கு டிரையர் தேர்ந்தெடுத்தது, ஓர் இலகுவான மேடை நாடகத்தில் அவர் பார்த்த ஃபால்கோனெட்டியை. ஒப்பனையைக் கழுவிவிட்டு அந்த முகத்தைச் சோதித்துப் பார்த்தார். படத்திலும் யாருக்கும் ஒப்பனை இல்லை. ஏராளமான செலவில் கோட்டை கொத்தளங்களோடு அரங்கம் எழுப்பிவிட்டு, அதைப் பெரும்பாலும் காட்டாமல், முகங்களை மட்டுமே நெருங்கி நெருங்கிக் காட்டிய துணிச்சலை, பணம் போட்டவர்கள் எப்படிப் பொறுத்துக்கொண்டார்களோ! இறுதிப் பகுதியில் ழானின் தலைமுடி மழிக்கப்படுகிறது. அங்கே வெட்டப்படுவது பொய்முடி அன்று, ஃபால்கோனெட்டியின் சொந்த முடி. கன்னத்தில் வழியும் கண்ணீரும், அதைத் துடைக்கத் தோன்றாத அந்தப் பார்வையும் ஊமைப்படக் காலத்தின் உச்சம் என்பது என் கருத்து. அம்மையார் தலையசைக்கிறார், நன்றி.

படத்தின் கதையைவிடப் படச்சுருளின் கதை பெரிது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1928 ஏப்ரலில் கோபன்ஹேகனில் படம் முதலில் திரையிடப்பட்டது. பாரிஸுக்கு வருவதற்குள் பேராயரும் தணிக்கையாளர்களும் சில இடங்களை வெட்டச் சொன்னார்கள். இங்கிலாந்து படத்தையே தடை செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் பெர்லினில் ஊஃபா என்னும் ஜெர்மன் திரைப்பட நிறுவனத்தின் கூடத்தில் தீப்பிடித்து மூல நெகடிவ் சாம்பலானது. அந்நாளைய ஃபிலிம் நைட்ரேட்டால் ஆனது. பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள் போட்டாலும் அணையாது. டிரையர் மனம் தளராமல், ஒதுக்கி வைத்திருந்த மாற்று ஷாட்டுகளைத் தேடியெடுத்து, முதல் படத்திற்கு ஏறக்குறைய இணையான இன்னொன்றைத் தொகுத்தார். அடுத்த ஆண்டே, வேறோர் ஆய்வுக்கூடத்தில் பிடித்த தீயில் அதன் நெகடிவும் போயிற்று. ழான் தார்க்கை ஆங்கிலேயர் பக்கத்தார் ஒருமுறைதான் எரித்தார்கள். அவருடைய படத்தைத் தீ இருமுறை எரித்தது. (கைதட்டல்) இருங்கள், கதை முடியவில்லை.

அதன்பின் அரைகுறைப் பிரதிகளே உலகைச் சுற்றின. தாம் முதலில் தொகுத்த வடிவம் ஒழிந்தது என்ற எண்ணத்தோடே 1968-இல் டிரையர் காலமானார். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1981-இல், நார்வேயின் ஓஸ்லோ நகருக்கு அருகே டிக்கமார்க் என்னும் மனநல மருத்துவமனையில், துப்புரவுப் பொருள்கள் வைக்கும் அலமாரியில் சில ஃபிலிம் டப்பாக்கள் கிடைத்தன. யாருக்காக அனுப்பினார்கள் என்பதற்கு ஏடு இல்லை. படம் வெளிவந்த காலத்தில் அம்மருத்துவமனையின் இயக்குநராக இருந்தவர் வரலாற்று நூல்களும் எழுதியவர். ஆகவே அவரே கேட்டு வரவழைத்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள். டப்பாக்கள் நார்வே திரைப்பட நிறுவனத்திற்குப் போய்ச் சேர்ந்தன. அங்கும் மூன்று ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தன! பிரித்துப் பார்த்தால் உள்ளே இருந்தது இடையிடையே வசனம் காட்டும் டேனிஷ் மொழி எழுத்தட்டைகளோடு, பாரிஸில் வெட்டுவதற்கு முந்தைய படம். துடைப்பத்திற்குப் பக்கத்தில் அரை நூற்றாண்டு நின்ற முகம் அது. அதைப் பூட்டி வைத்த அந்தப் பெயர் தெரியாத ஊழியருக்கு நான் சிலை வைப்பேன்.

நார்வேயில் நேர்ந்த நல்லூழ் நமக்கு வாய்க்கவில்லை. 1918-இல் நடராஜ முதலியார் எடுத்த தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான 'கீசக வதம்' இன்று இல்லை. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' இல்லை. அதன் நாயகி டி. பி. ராஜலட்சுமி 1936-இல் தாமே இயக்கிய 'மிஸ் கமலா' இல்லை. ஃபால்கோனெட்டியின் கண்ணீரைத் துளித்துளியாகப் பார்க்க முடிகிற நமக்கு, படம் இயக்கிய முதல் தமிழ்ப் பெண் அந்தப் படத்தை எப்படி எடுத்தார் என்று பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964-இல்தான் தொடங்கியது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அதற்குள் எத்தனையோ சுருள்கள் அவற்றிலுள்ள வெள்ளிக்காக உருக்கப்பட்டுவிட்டன. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய கொட்டகையை இடித்தபோது, படப்பெட்டிகள் எடைக்கு எடை காயலான் கடைக்குப் போவதை நானே பார்த்தேன். நான் போய்க் கேட்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

ஆகவே நூலக அலுவலர் அவர்களுக்கு எங்கள் விண்ணப்பம் இது: மாவட்ட மைய நூலகத்தில் குளிரூட்டிய ஓர் அறை, ஈரப்பதம் பார்க்கும் கருவி, பதிவேடு எழுத ஓர் ஆள். எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் சுருள்களை நூலகத்தில் வைக்கச் சொல்லவில்லை. அவை கிடைத்தால் காப்பகத்திற்கு எழுதி, அவர்கள் சொல்லும் முறைப்படி ஒப்படைக்க வேண்டும். 1950-களிலிருந்து பரவலான அசிடேட் சுருள்களும் அழியாதவை அல்ல. மூடியைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தால் அழிவு தொடங்கிவிட்டது என்று பொருள். உங்கள் வீட்டுப் பரணில், தாத்தா ஆப்பரேட்டராக இருந்த காலத்துப் பெட்டி எதுவும் இருந்தால், தயவுசெய்து நீங்களே சுருளை இழுத்துப் பார்க்காதீர்கள். எங்களுக்குச் சொல்லுங்கள்.

கடைசிக் காலத்தைப் பற்றிச் சொல்வதாக வாக்களித்திருந்தேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அந்தப் படத்திற்குப் பின் ஃபால்கோனெட்டி வேறு படங்களில் நடிக்கவில்லை. சொந்தமாக நாடக அரங்கு நடத்தி நட்டப்பட்டார். போர்க்காலத்தில் ஐரோப்பாவை விட்டுத் தென் அமெரிக்கா சென்றவர், 1946 டிசம்பரில் புவனோஸ் ஐரிஸில் மறைந்தார். ஓஸ்லோ அலமாரியைப் பற்றி அவருக்கு எதுவும் தெரிந்திருக்க நியாயமில்லை.

விண்ணப்பத்தாள் வாயிலருகே மேசையில் இருக்கிறது. கையொப்பத்தோடு முகவரியும் எழுதுங்கள். நூலக அலுவலர் படம் முடியும்வரை இருப்பதாகச் சொல்லியிருக்கிறார், மிக்க நன்றி. இப்போது காட்டப்போவது அந்த ஓஸ்லோ பிரதியிலிருந்து வந்த படம். தம்பி, விளக்கை அணையுங்கள்.