தனுஷ்கோடி ஸ்டேஷன் வழியாகப் போனவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். தனுஷ்கோடி என்றதும் எல்லோருக்கும் புயல்தான் ஞாபகம் வரும். 1964 டிசம்பர் 22 நள்ளிரவு, பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயில் ஊரை நெருங்கும்போது கடல் அதை அப்படியே வாரிக்கொண்டது, நூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அதை மறக்கக் கூடாது. ஆனால் அதற்கு முன்னால் அந்த ஸ்டேஷன் ஐம்பது வருஷம் ஓடியிருக்கிறதே, அதைத்தான் இன்றைக்குப் பேச வேண்டும் என்று நினைத்தேன்.

1914இல் பாம்பன் பாலம் திறந்ததும், கப்பலோடு இணைப்புள்ள 'போட் மெயில்' என்ற ரயில் எழும்பூரிலிருந்து நேராகத் தனுஷ்கோடிக்கே வந்தது. இப்போது ராமேஸ்வரத்தோடு பாதை முடிகிறது. அன்றைக்கோ பாம்பனில் இரண்டாகப் பிரிந்து, மெயின் லைன் தனுஷ்கோடிக்கும் கிளைப் பாதை ராமேஸ்வரத்துக்கும் போகும். ரயிலை விட்டு இறங்கினால் கப்பல்துறை, இர்வின், கோஷன் என்று நீராவிக் கப்பல்கள், சுமார் 35 கிலோமீட்டர் கடல் தாண்டினால் தலைமன்னார், அங்கே கொழும்புக்கு ரயில். எழும்பூரில் எடுத்த ஒரே டிக்கெட் கொழும்பு வரைக்கும் செல்லும்!

துரைமாரும் வியாபாரிகளும் போனார்கள், சரி. என் மனசு நிற்பது இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன நம் ஜனங்களிடம்தான். திருச்சி, சேலம், ராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி பின்னால் குடும்பம் குடும்பமாக வந்தவர்களை, காலரா, அம்மை இருக்கிறதா என்று மண்டபம் முகாமில் நாள்கணக்கில் நிறுத்திவைத்துப் பார்த்துவிட்டுத்தான் கப்பலேற்றினார்கள். அந்த முகாமை நடத்தியது இலங்கை அரசு.

அப்புறம் 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். இப்படிப் போய் அங்கே வாழ்ந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று முடிவானது. இரண்டு மாசம்கூட ஆகவில்லை, ஸ்டேஷனே இல்லை. தாத்தா தனுஷ்கோடியில் கப்பலேறினார், பேரன் 'ராமானுஜம்' கப்பலில் ராமேஸ்வரத்தில் வந்து இறங்கினான். அவனையும் அதே மண்டபம் முகாமில்தான் கொண்டுபோய் வைத்தார்கள்.

எதிர்க்கரையில், போரில் அழிந்த தலைமன்னார் பாதையைத் திரும்பப் போட்டு 2015இல் ரயில் விட்டுவிட்டார்கள். இங்கே தனுஷ்கோடிக்குத் திரும்ப ரயில் பாதை போட 2019இல் அடிக்கல் நாட்டியதோடு சரி. பவளப்பாறைக் கல்லில் கட்டிய சுவர்களை உப்புக்காற்று அரித்துக்கொண்டிருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அரிச்சல்முனைக்குப் போகிறவர்கள் வழியில் அந்த ஸ்டேஷன் சுவர்களைக் காட்டி, புயல் கதையோடு இந்தக் கதையையும் சொல்லுங்கள்.