எரு சுமந்த பட்டதாரியும் கோணியில் அமர்ந்த மாணவரும்

நேயர்களுக்கு வணக்கம்.

'கீழை நாடுகளின் கல்வித் தத்துவமும் மேலை நாடுகளின் கல்வித் தத்துவமும்: சமூக மாற்ற நோக்கில் ஓர் ஒப்பீடு.' நிலையத்தார் எனக்குக் கொடுத்த தலைப்பு இது. இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் வழக்கமாக என்ன சொல்வார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். கிழக்கே மனிதனைத் திருத்தினால் சமூகம் தானே திருந்தும் என்று நம்பினார்கள். மேற்கே அமைப்பை மாற்றினால்தான் மனிதன் மாறுவான் என்றார்கள். அங்கே அறிவு, இங்கே ஞானம். அங்கே கேள்வி, இங்கே பணிவு. இரண்டையும் அளவாகக் கலந்துகொள்வோம் என்று முடித்துவிட்டால் நேரமும் சரியாக இருக்கும்.

இதில் உண்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். தன்னைச் செப்பம் செய்துகொண்டால் குடும்பம் ஒழுங்காகும், குடும்பம் ஒழுங்கானால் நாடு ஒழுங்காகும், நாடு ஒழுங்கானால் உலகம் அமைதி பெறும் என்று படிப்படியாக ஏறுகிறது கன்பூசிய மரபின் பாடம். பல நூற்றாண்டுகள் சீனத்துப் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்தார்கள். ஆனால் அதே கிழக்கில்தான் நம் புறநானூற்றின் 183ஆம் பாட்டும் இருக்கிறது. 'வேற்றுமை தெரிந்த நாற்பால் உள்ளும், கீழ்ப்பால் ஒருவன் கற்பின், மேற்பால் ஒருவனும் அவன்கண் படுமே' என்கிறார் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன். இதில் உள்ளத் தூய்மையைப் பற்றி ஒரு சொல் கிடையாது. படித்தால் மேலும் கீழும் இடம் மாறும் என்று ஓர் அரசனே பச்சையாகச் சொல்கிறான்.

மேற்கைப் பாருங்கள். சிலர் பொன் கலந்து பிறந்தவர்கள், சிலர் வெள்ளி, மற்றவர்கள் இரும்பும் வெண்கலமும் என்று மக்களை வகைபிரித்து, அவரவர்க்கு உரிய வேலையை அவரவர் செய்வதே நீதி என்று எழுதியவர் கிரேக்கத்துப் பிளேட்டோ. நமக்குப் பழக்கமான குரல்தான்.

எனவே திசைகாட்டியைச் சற்றே ஓரமாக வைத்துவிட்டு உங்களை ஒரு கல்வி வளாகத்துக்கு அழைத்துப் போகிறேன். நியூயார்க் நகரத்தின் கொலம்பியா பல்கலைக்கழகம், 1915-16ஆம் கல்வியாண்டு. அங்கே தத்துவம் கற்பித்தவர் ஜான் டூயி. அவரிடம் பயின்ற ஆசிய மாணவர்களில் மூவரைச் சொல்லவேண்டும். ஒருவர் ஹூ ஷி, பின்னாளில் சீன இலக்கியத்தைப் பேச்சு வழக்குக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர். இன்னொருவர் தாவ் ஷிங்ஜி, சீனக் கிராமக் கல்வியின் முன்னோடி. மூன்றாமவர் பீமராவ் அம்பேத்கர். நான் பேசப்போவது கடைசி இருவரைப் பற்றி.

அதற்கு முன் ஆசிரியரைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். டூயி 1896இல் சிகாகோவில் ஒரு சோதனைப் பள்ளியைத் தொடங்கினார். அதற்கு மேசை வாங்கக் கடை கடையாக ஏறி இறங்கியும் அவர் கேட்டது கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு கடைக்காரர், "நீங்கள் கேட்பது பிள்ளைகள் வேலை செய்வதற்கான மேசை, எங்களிடம் இருப்பதெல்லாம் உட்கார்ந்து கேட்பதற்கானவை" என்றாராம். இதை டூயியே எழுதிவைத்திருக்கிறார். கல்வியியல் புத்தகங்கள் பல அத்தியாயங்களில் சொல்வதை அந்தக் கடைக்காரர் ஒரு வரியில் சொல்லிவிட்டார் என்பது என் எண்ணம்.

அந்தப் பள்ளியில் பிள்ளைகள் சமைத்தார்கள், தைத்தார்கள், தச்சு வேலை பார்த்தார்கள். ஆண் பிள்ளைகளும் தைத்தார்கள். ஒருமுறை காயிலிருந்து பஞ்சை எடுத்து, கையாலேயே கொட்டை நீக்கச் சொன்னார்கள். அரை மணி நேரம் பாடுபட்டும் ஓர் அவுன்சு பஞ்சுகூடத் தேறவில்லை. ஆட்டு ரோமத்தில் இந்தத் தொல்லை இல்லை. கம்பளித் தொழில் ஏன் முந்திக்கொண்டது, பருத்தித் தொழில் ஏன் எந்திரத்துக்காகக் காத்திருந்தது என்பது அந்தப் பிள்ளைகளுக்கு விரல் நுனியில் விளங்கியது. அவர்கள் நெசவாளியாக வேண்டும் என்பதல்ல டூயியின் நோக்கம். உடுத்தும் துணிக்குப் பின்னால் இருக்கும் உழைப்பையும் வரலாற்றையும் அவர்கள் காணவேண்டும். பள்ளிக்கூடமே ஒரு சிறு சமூகமாக இயங்கவேண்டும். பிறகுதான் வெளியே ஜனநாயகம் நிலைக்கும் என்றார்.

இனி தாவ் ஷிங்ஜி. அன்ஹுய் மாகாணத்தில் 1891இல் பிறந்து, அமெரிக்கா போய்ப் படித்து 1917இல் நாடு திரும்பினார். 1919ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் டூயியே சீனாவுக்கு வந்து சேர்ந்தார். சில நாட்களில் பீக்கிங் மாணவர்கள் வீதியில் இறங்கினார்கள். சீனத்து ஷான்டுங் மாகாணத்தில் ஜெர்மனிக்கு இருந்த உரிமைகளை, முதல் உலகப் போருக்குப் பின் கூடிய வெர்சாய் மாநாடு ஜப்பானுக்குத் தூக்கிக் கொடுத்ததற்கு எதிரான மே நான்கு கிளர்ச்சி அது. டூயி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தங்கி ஊர் ஊராகப் பேசினார். ஹூ ஷி உள்ளிட்ட மாணவர்கள் மொழிபெயர்த்தார்கள்.

பேச்சைக் கேட்டுக் கைதட்டியவர்கள் பலர். தாவ் அதைச் செய்து பார்த்து, அப்படியே செல்லாது என்று கண்டார். டூயியின் பள்ளியில் வெளியுலக வாழ்க்கையைச் சிறிதாக்கி வகுப்பறைக்குள் கொண்டுவந்தார்கள். பள்ளிக்கூடமே இல்லாத கிராமங்கள் நிறைந்த நாட்டில் எந்த வகுப்பறைக்குள் கொண்டுவருவது? 'கல்வியே வாழ்க்கை' என்ற ஆசானின் கொள்கையைத் தாவ் தலைகீழாக்கினார்: வாழ்க்கையே கல்வி, சமூகமே பள்ளி. தம் பெயரையும் மாற்றிக்கொண்டார். 'அறிவு-செயல்' என்று பொருள்படும் பெயரை, மிங் காலத்துத் தத்துவஞானி வாங் யாங்மிங்கின் கருத்தை ஒட்டி வைத்துக்கொண்டிருந்தவர், 1934இல் அதைத் திருப்பி, செயலை முன்னே வைத்தார். ஆக, அவர் திருத்தியது மேற்கை மட்டுமல்ல, கிழக்கையும்தான்.

1927 மார்ச்சில் நான்ஜிங் நகருக்கு வெளியே ஷியாவ்ஜுவாங் என்ற இடத்தில் 13 மாணவர்களோடு ஓர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். நுழைவுத் தேர்வில் நிலம் கொத்துவதும் ஒரு பாடம். படித்தவன் கையில் மண் ஒட்டுவது இழிவு என்று பல தலைமுறைகளாக நம்பிய சமூகம் அது. அரசுப் பதவிக்கான பழைய தேர்வு முறை ஒழிந்து 22 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அப்படிப்பட்ட இடத்தில் கொலம்பியாவில் படித்த ஒருவர் வைக்கோல் செருப்பு மாட்டிக்கொண்டு, மாணவர்களோடு எரு சுமந்தார். மூன்றே ஆண்டுகளில் சியாங் கை-ஷேக்கின் தேசியவாத அரசு அந்தப் பள்ளியை இழுத்து மூடியது. தாவ் ஜப்பானுக்குத் தப்பினார். அவர் 1946இல் இறந்த பின், 1951இல் கம்யூனிஸ்டு ஆட்சியும் அவருடைய கருத்துகளைக் கண்டனத்துக்கு உள்ளாக்கியது. வலதும் இடதும் ஒரே மனிதரைக் கண்டு எரிச்சல்பட்டால், அவர் பள்ளியில் ஏதோ நடந்திருக்கிறது என்றுதான் பொருள்.

அவருடைய இன்னொரு முயற்சியைச் சொல்லாமல் போகமுடியாது: 'சின்ன வாத்தியார்' முறை. எழுதப் படிக்கக் கற்ற பிள்ளை வீட்டிலும் தெருவிலும் பிறருக்குக் கற்பிக்கவேண்டும். ஐம்பது வயதைக் கடந்த தம் தாய்க்கு ஆறு வயதுப் பேரன் பாடம் சொல்லிக்கொடுத்ததைப் பார்த்து அவருக்குப் பிறந்த யோசனை இது. பாட்டிக்குப் பேரன் ஆசிரியன்! மூத்தோர் முன் இளையோர் வாய் திறக்கக் கூடாது என்ற கன்பூசியக் குடும்பத்தில் இதைவிடப் பெரிய புரட்சியை எந்தத் துண்டறிக்கை செய்திருக்கும்?

இப்போது அம்பேத்கர். பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு உட்காரக்கூடாது என்பதால் ஒரு கோணித் துண்டின்மேல் தனியே உட்கார்ந்தவர். வகுப்பறையைப் பெருக்கும் ஆள் அந்தக் கோணியைத் தொடமாட்டார்; ஆகவே மாலையில் அதைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப் போய், காலையில் திரும்பக் கொண்டுவரவேண்டும். குழாயை வேறு யாராவது திறந்துவிட்டால்தான் தண்ணீர். இந்த மாணவர் டூயியிடம் எதை எடுத்துக்கொண்டார்? மண்வெட்டியை அல்ல, தறியையும் அல்ல. மண்வெட்டி அவர் சமூகத்தின் கையில் தலைமுறை தலைமுறையாகத் திணிக்கப்பட்டிருந்தது. அவர் எடுத்துக்கொண்டது, ஜனநாயகம் வெறும் அரசாங்க முறையல்ல, சேர்ந்து வாழும் முறை என்ற கருத்தை. 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில் டூயிக்குத் தாம் பட்ட கடனை வெளிப்படையாகவே சொல்கிறார். அதே உரையில் பிளேட்டோவின் பொன், வெள்ளிப் பிரிவையும் நால்வருணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒரே காரணத்தால் தோற்கும் என்கிறார்: மனிதர்களை மூன்று நான்கு பெட்டிகளில் அடைக்க முடியாது. கிழக்கின் வருணத்தையும் மேற்கின் பிளேட்டோவையும் ஒரே கூண்டில் ஏற்றிய இந்த இடம்தான், இன்றைய தலைப்புக்கு நான் அறிந்த மிகச் சிறந்த பதில்.

அந்த உரைக்குக் காந்தி 'ஹரிஜன்' இதழில் மறுப்பு எழுதினார். சாதி வேறு, வருணம் வேறு. மூதாதையர் தொழிலால் பிழைப்பதே வருண தருமம் என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டே, 1937 அக்டோபரில், வார்தா மாநாட்டில் கைத்தொழிலை நடுவாக வைத்த ஆதாரக் கல்வியை முன்மொழிந்தார். இங்கேயும் பஞ்சு, இங்கேயும் நூல். ஆனால் சிகாகோவில் அது வரலாற்றுப் பாடம். வார்தாவில் தக்ளி என்ற கைக்கதிரில் நூற்ற நூலை விற்று ஆசிரியர் சம்பளமே வரவேண்டும். மாநாட்டில் இதை உரசிப் பார்த்தவர், பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜாகிர் உசேன். செய்து கற்பது புதிதல்ல, அமெரிக்காவிலும் ரஷ்யாவிலும் வேறு பெயரில் இருக்கிறது என்றார். வருமானத்தைக் குறிவைத்தால் ஆசிரியர்கள் ஏழைப் பிள்ளைகளின் உழைப்பைச் சுரண்டுகிறவர்களாகிவிடுவார்கள் என்றும் எச்சரித்தார். பாடத்திட்டம் வகுக்கும் குழுவுக்கு அவரையே தலைவராக்கினார்கள். அந்தக் காலத்து மாநாடுகளில் அப்படியும் நடந்திருக்கிறது! 1938இல் நாடு திரும்பும் வழியில் தாவ் ஷிங்ஜி இந்தியா வந்து காந்தியைச் சந்தித்தார். சீன மக்கள் கல்வி இயக்கத்தைப் பற்றி 'ஹரிஜன்' இதழுக்கு எழுதியும் கொடுத்தார்.

தாவும் அம்பேத்கரும் ஒரே ஆசிரியரிடமிருந்து நேர் எதிரான பாடங்களைக் கற்றார்கள் என்றால், யார் சரி? இருவருமே சரி என்பேன். படித்தவர் மகன் எரு சுமந்தால் சமூகம் ஆட்டம் காண்கிறது. எரு சுமந்தவர் மகன் எரு சுமந்தால் எதுவும் நடப்பதில்லை. அவன் சட்டப் புத்தகத்தைத் திறக்கும்போதுதான் நடக்கிறது. சிகாகோவில் பையன்கள் ஊசி பிடித்ததும், காந்தியின் ஆசிரமம் இருந்த சேவாகிராமத்தில் மேல்சாதிப் பிள்ளைகளும் கழிப்பறை கழுவியதும் கல்வி ஆனது, அந்த வேலை அவர்களுக்கு விதிக்கப்படாததாக இருந்ததால்தான்.

இதைத் தமிழ்நாடு பட்டே அறிந்தது. 1953இல் ராஜாஜி தொடக்கக் கல்வித் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார்: கிராமத்துப் பிள்ளைகளுக்கு நாளுக்கு மூன்று மணி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்பது. பள்ளிகளும் ஆசிரியர்களும் போதவில்லை, இரு வேளையாகப் பிரித்தால் இரு மடங்குப் பிள்ளைகள் படிக்கலாம் என்பது அவர் தரப்புக் கணக்கு. கணக்கு பொய்யல்ல. ஆனால் மீதி நேரத்தில் வண்ணார் பிள்ளை எங்கே போகும், புரோகிதர் பிள்ளை எங்கே போகும்? பெரியாரும் திராவிட இயக்கத்தவரும் அதைக் குலக்கல்வி என்று அழைத்தார்கள். அந்தப் பெயரே திட்டத்தின் பெயராக நிலைத்தது. 1954இல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் திட்டத்தைக் கைவிட்டார். காந்தியின் திட்டத்தில் எல்லாப் பிள்ளைகளும் பள்ளியிலேயே ஒரே தொழிலைக் கற்றார்கள். இதிலோ பிறப்பே பாடத்தைத் தீர்மானித்தது. வெளிப்பார்வைக்கு இரண்டும் 'தொழிலோடு கல்வி'தான்.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் புத்தகப்பை இல்லாத பத்து நாட்களை வைத்து, பிள்ளைகள் உள்ளூர்த் தச்சர், குயவர், தோட்டக்காரர் போன்றோரிடம் தொழில் பழகவேண்டும் என்கிறது. தமிழ்நாடு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை. எதிர்ப்பில் 1953 மீண்டும் மீண்டும் நினைவூட்டப்பட்டது. நான் அந்தப் பத்து நாட்களை ஆதரிக்கவோ எதிர்க்கவோ அவசரப்படமாட்டேன். எந்தப் பிள்ளை எந்தப் பட்டறைக்கு என்று தலைமை ஆசிரியர் எழுதும் பட்டியலை முதலில் பார்க்கவேண்டும். வங்கி மேலாளர் மகனைக் குயவரிடமும், குயவர் மகளை வங்கிக்கும் அனுப்பியிருந்தால் அந்தப் பள்ளிக்கு நான் கைதட்டுவேன். அவரவர் வீட்டுத் தொழிலுக்கே அனுப்பியிருந்தால், பெற்றோர் அன்று மாலையே பள்ளி வாசலுக்குப் போய்க் கேட்கவேண்டும்.

நன்றி, வணக்கம்.