உடம்பில் எழுதிய ஒரு சொல்

வணக்கம் நேயர்களே.

2000ஆம் ஆண்டு அக்டோபர் 1. சிட்னி ஒலிம்பிக்கின் நிறைவு விழா. பிரதமர் ஜான் ஹாவர்டும் வந்திருக்கிறார். மிட்நைட் ஆயில் என்ற ராக் இசைக்குழு மேடையேறுகிறது. எல்லோரும் கறுப்பு உடையில். அந்த உடை முழுக்க வெள்ளை எழுத்தில் ஒரே சொல்: 'சாரி'.

யாரிடம் கேட்ட மன்னிப்பு அது? ஆஸ்திரேலியாவில் பழங்குடிக் குழந்தைகளைப் பெற்றவர்களிடமிருந்து பிரித்தெடுத்து விடுதிகளிலும் வெள்ளையர் வீடுகளிலும் வளர்த்தார்கள். ஒரு நாள் இரண்டு நாளல்ல, தலைமுறை தலைமுறையாக. அதுவும் சட்டத்தின் பேரிலேயே. 1997இல் வந்த விசாரணை அறிக்கை, அரசு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றது. ஹாவர்ட் மறுத்துவிட்டார். அவர் சொல்ல மறுத்ததை அவர் கண்ணெதிரே உடம்பில் எழுதிக்கொண்டு வந்து நின்றார்கள் இவர்கள்.

நடுவில் நின்று பாடியவர் பீட்டர் கேரெட். ஆறடிக்கு மேல் உயரம், மழித்த தலை. மின்சாரம் பாய்ந்தாற்போல் கைகால்களை வெட்டி வெட்டி ஆடுவார். இனிமையான குரல் என்று சொல்ல மாட்டேன். ஊர்க்கூட்டத்தில் ஒருவர் எழுந்து நியாயம் கேட்பாரே, அந்தக் குரல். எனக்கு அவரைப் பிடித்துப்போனதே அதனால்தான்.

1953இல் சிட்னியில் பிறந்தவர். சட்டம் படித்துப் பட்டம் வாங்கியவர். பாடகர் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்துப் போய்ச் சேர்ந்த குழுதான் பின்னால் மிட்நைட் ஆயில் ஆனது. 1984இல் அணு ஆயுத எதிர்ப்புக் கட்சியின் சார்பில் செனட் தேர்தலில் நின்று, கொஞ்சத்தில் தோற்றார்.

அவர் வாழ்க்கையைத் திருப்பியது 1986 என்பேன். அந்த ஆண்டு வாரும்பி என்ற இசைக்குழுவோடு சேர்ந்து, நாட்டின் நடுவிலிருக்கும் பாலைவனத்துப் பழங்குடிக் குடியிருப்புகளுக்குப் போனார்கள். வாரும்பி குழு பாப்புன்யா என்ற பழங்குடிக் குடியிருப்பில் உருவானது. பழங்குடி மொழியில் ராக் பாட்டுப் பாடி இசைத்தட்டாக வெளியிட்ட முன்னோடிகள் அவர்கள். நகரத்து அரங்குகளில் ஆயிரக்கணக்கானோர் முன் பாடிப் பழகிய மிட்நைட் ஆயில் குழுவினர், செம்மண் தரையில் சில குடும்பங்கள் உட்கார்ந்து கேட்கப் பாடினார்கள்.

அங்கேதான் பின்டுபி மக்களின் கதை அவர்களுக்கு நெருக்கமானது. மேற்குப் பாலைவனத்தில் வாழ்ந்த அந்த மக்களை 1950களிலும் 60களிலும் பாப்புன்யாவுக்குக் கொண்டுவந்து குடிவைத்தது அரசு. அந்நிய இடம், நோயிலும் ஏக்கத்திலும் பலர் செத்துப்போனார்கள். 1980களின் தொடக்கத்தில், மிஞ்சியவர்கள் தாங்களாகவே கிளம்பி, கின்டோர் பக்கம் சொந்த மண்ணுக்குத் திரும்பினார்கள். 'பெட்ஸ் ஆர் பர்னிங்' என்ற பாட்டு அதிலிருந்து பிறந்தது. மண் அவர்களுடையது, அதைத் திருப்பிக் கொடுங்கள் என்பதுதான் பாட்டு. 1987இல் வந்தது. கனடா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா மூன்றிலும் முதலிடம் பிடித்தது. நிறவெறி ஆட்சி நடந்துகொண்டிருந்த தென்னாப்பிரிக்காவில்! எண்ணிப் பாருங்கள்.

1990இல் நியூயார்க்கில், அலாஸ்காக் கடலில் எண்ணெய் கொட்டிய எக்ஸான் நிறுவனத்தின் அலுவலகத்துக்கு எதிரே, ஒரு லாரியின் மேல் ஏறி நின்று பாடினார்கள். மதியச் சாப்பாட்டு நேரம், தெருவே நின்றுபோனது.

2004இல் தொழிற்கட்சி சார்பில் நாடாளுமன்றம் போனார் பீட்டர். 2007இல் சுற்றுச்சூழல் அமைச்சர். இந்தப் பகுதியைச் சொல்ல எனக்கு மனம் கனக்கிறது. அணுவுக்கு எதிராகத் தேர்தலில் நின்றவர், 2009இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு யுரேனியச் சுரங்கத்துக்கு அனுமதி கொடுத்தார். வீட்டுக்கூரைகளில் வெப்பத்தடுப்பு பொருத்தும் திட்டம் அவர் துறையில் அவசரமாக நடந்தது. நான்கு இளம் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அவரை நேசிக்கிறேன் என்பதற்காக இவற்றை விட்டுவிட்டுப் பேச முடியாது.

ஆனால் 2008 பிப்ரவரி 13ஐயும் சொல்ல வேண்டும். அன்று பிரதமர் கெவின் ரட், நாடாளுமன்றத்தில் எழுந்து, பறிக்கப்பட்ட அந்தப் பிள்ளைகளிடம் நாட்டின் பேரால் மன்னிப்புக் கேட்டார். அந்த அரசில் பீட்டர் அமைச்சர். ஏழு வருடங்களுக்கு முன் சட்டையில் எழுதிப் போட்டுக்கொண்டு வந்த சொல், நாடாளுமன்றக் குறிப்பேட்டில் ஏறியது.

2013இல் அரசியலை விட்டார். 2017இல் பழைய தோழர்களோடு மறுபடி மேடையேறி, உலகம் சுற்றிப் பாடினார். 2020இல் பழங்குடிப் பாடகர்களோடு சேர்ந்து ஒரு இசைத்தொகுப்பு. அரசமைப்பில் பழங்குடியினருக்கு ஓர் இடம் கேட்ட உலுரு அறிக்கையின் வாசகம் அதில் ஒலிக்கிறது. 2023 அக்டோபரில் அதற்கான பொது வாக்கெடுப்பு நடந்தது. நூற்றுக்கு அறுபது பேர் வேண்டாம் என்றார்கள்.

அடுத்து அந்த 1987 பாட்டைத்தான் ஒலிபரப்பப் போகிறார்கள். தொடக்கத்தில் குழல்களின் மூன்று முழக்கம், பிறகு ஒரு நொடி அமைதி. பாலைவனத்துக்குத் திரும்பி நடந்தவர்களை நினைத்துக்கொண்டு கேளுங்கள். வணக்கம்.